ஃப்ரீசருக்கு முழுச் சாப்பாடா, பாதிச் சமையலா?

நாலுபர்னர்
நேரா விஷயத்துக்கு வர்றேன். குடும்பத்துக்கு முன்கூட்டியே சமைச்சு ஃப்ரீசர்ல வைக்கறதுன்னா முழுச் சாப்பாடாத்தான் வைக்கணும். கறியோ பயறோ, காய், மசாலா, உப்பு எல்லாம் சேர்ந்து வெந்த குழம்பு. எடுத்து சூடு பண்ணினா தட்டுக்கு வந்துடணும். வதக்கின வெங்காயம் ஒரு பை, வேகவெச்ச பயறு ஒரு பைன்னு உதிரியா வெச்சா, வேலை முடிஞ்சு வந்து திரும்பவும் அடுப்பு முன்னாடி முக்கால் மணி நேரம் நிக்கணும். அப்புறம் முன்கூட்டிச் சமைச்சதுக்கு என்ன அர்த்தம்?

கணக்கும் சொல்றேன். நாலு பேருக்கு ஒரு வேளைக்கு 1.2 லிட்டர் குழம்பு. ஒரு லீவு நாள்ல அஞ்சு வகை, ஒவ்வொண்ணும் நாலு வேளைக்குன்னு சமைச்சா 20 ராத்திரிக்கு ஆச்சு. நறுக்கறது, அரைக்கறது, பாத்திரம் கழுவறது எல்லாம் ஒரே தடவை. மறுக்கறவங்க காரணத்தோட வாங்க.

உறைநிலை
காரணத்தோடு மறுக்கிறேன். ஒரே குழம்புக்குள் இருக்கும் பொருள்கள் எல்லாம் உறைதலை ஒரே மாதிரி தாங்குவதில்லை. முழுச் சாப்பாட்டின் அடிப்படைக் கோளாறே அதுதான்.

உருளைக்கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். வெந்த கிழங்குக்குள் இருக்கும் நீர் பனிக்கட்டியாகும்போது செல்சுவரைக் கிழிக்கிறது. மாவுச்சத்து இறுகி, பிடித்துவைத்திருந்த நீரைக் கக்குகிறது. இளகியதும் துண்டை விரலால் அழுத்திப் பாருங்கள்: பஞ்சைப் பிழிந்த மாதிரி தண்ணீர் வரும், மிச்சம் மணல் மணலாக இருக்கும். அவித்த முட்டையின் வெள்ளைக்கரு ரப்பராகிவிடும். தயிரும் பாலேடும் திரிந்து பிரிந்துவிடும். சோளமாவோ மைதாவோ கரைத்துக் கெட்டியாக்கிய குழம்பில் நீர் தனியே பிரியும்.

மாறாகக் கொண்டைக்கடலை, ராஜ்மா, பருப்பு, கொத்துக்கறி, வதக்கி அரைத்த வெங்காயத் தக்காளிக் கலவை எல்லாம் மாதக் கணக்கில் அப்படியே இருக்கும். எனவே தாங்குவதை மட்டும் தனித்தனியாக உறையவையுங்கள், தாங்காததை அன்றன்றைக்குச் சேருங்கள்.

இன்னொன்று. நான்கு மடங்கு வெங்காயத்தை ஒரே பாத்திரத்தில் கொட்டினால் அது வதங்காது, தன் நீரிலேயே வேகும். ஒன்றரைக் கிலோ வெங்காயத்தை இரண்டு அகலமான வாணலியில் பிரித்துப் போட்டால்தான் நிறம் வரும். நேரக் கணக்கில் இதைச் சேர்க்கவில்லை.

நாலுபர்னர்
வெங்காயம் பத்திச் சொன்னது சரி, ஏத்துக்கறேன். ஆனா மத்ததுக்கெல்லாம் பதில் முழுச் சாப்பாட்டுக்குள்ளேயே இருக்கு. உருளைக்கிழங்கைத் துண்டாப் போடாதீங்க. வெண்ணெய் சேர்த்து மசிச்சா நல்லாவே தாங்கும். கெட்டிப்படுத்த மாவு வேண்டாம், சுண்டவிடுங்க, இல்லேன்னா அதே பயறுல ஒரு கரண்டி மசிச்சு விடுங்க. மாவுதான் வேணும்னா பசையரிசி மாவு போடுங்க, அது நீர் கக்கறது ரொம்பக் கம்மி. பாலேட்டைச் சூடு பண்ணும்போது கடைசியில ஊத்திக்கலாம். கேரட், பீன்ஸ் மாதிரிக் காயை முக்கால் வேக்காட்டுல நிறுத்திட்டா மறுசூட்டுல சரியா வந்துடும். கறியையும் அப்படியே கொஞ்சம் முன்னாடி நிறுத்தினா நார் நாராப் போகாது.

டிகிரி
கடைசி வரியை மட்டும் உடனே திருத்தியாக வேண்டும். காயை முக்கால் வேக்காட்டில் நிறுத்தலாம். கறியை, குறிப்பாகக் கோழியை, ஒருபோதும் கூடாது. அரைவேக்காட்டில் கிருமிகள் முழுவதும் சாவதில்லை. ஆறும் நேரத்தில் வெதுவெதுப்பான குழம்பில் பெருகும். உறையவைப்பதும் அவற்றைக் கொல்வதில்லை, தூங்கத்தான் வைக்கும். கறி உள்ளே 74 டிகிரி தொடும்வரை முழுமையாக வேகட்டும். நார் ஆகாமலிருக்க வேண்டுமென்றால் எலும்பும் கொழுப்பும் உள்ள தொடைப் பகுதியைப் பயன்படுத்துங்கள், குழம்பில் முழுக மூழ்கியே உறையவையுங்கள்.

இப்போது என் முக்கிய மறுப்பு. முழுச் சாப்பாடா உதிரியா என்று நீங்கள் இருவரும் பேசுகிறீர்கள். அந்த 20 சாப்பாட்டை எந்த ஃப்ரீசர் ஒரே நாளில் உறையவைக்கும்? வீட்டு ஃப்ரீசரில் 100 லிட்டர் கொள்ளளவுக்கு ஒரு நாளைக்குப் புதிதாக 3 முதல் 4 கிலோதான் வைக்கலாம். உங்கள் கணக்கில் அது மூன்று சாப்பாடு. 24 கிலோவை ஒரேயடியாகத் திணித்தால் உள்ளே வெப்பநிலை ஏறி, ஏற்கெனவே உறைந்திருப்பதும் இளகும். புதியது மெதுவாக உறையும். மெதுவாக உறைந்தால் பனிப்படிகம் பெரிதாகும், கிழிசலும் கூடும். உறைநிலை சொன்ன பஞ்சுத்தன்மையில் பாதி இதனால் வருவது.

பழையபாத்திரம்
இவ்வளவு பயமுறுத்த வேண்டியதில்லைங்க. நல்லாத் தளதளன்னு கொதிக்க வெச்ச குழம்புல கிருமி ஏது? ராத்திரி சமைச்சு, மூடி போட்டு மேடை மேலேயே விட்டுட்டா காலைல ஆறியிருக்கும். அப்புறம் ஃப்ரீசருக்கு. சாப்பிடறப்போ மறுபடியும் கொதிக்க வைக்கத்தானே போறோம்?

டிகிரி
ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன், ஏனென்றால் இதில்தான் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் வயிறு கெடுகிறது. கொதியில் கிருமி சாகும். சில கிருமிகள் தற்காப்புக்கு உருவாக்கும் வித்துகள் சாகாது. சோற்றில் இருப்பது பேசில்லஸ் செரியஸ், பெரிய பாத்திரக் கறிக்குழம்பில் பெருகுவது குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ். குழம்பு 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் வித்துகள் முளைக்கத் தொடங்கும். செரியஸ் சோற்றில் விட்டுவைக்கும் வாந்தி நச்சு மறுபடி கொதிக்கவைத்தாலும் அழியாது. ஆகவே கடைசியில் கொதிக்கவைப்பது முதலில் செய்த தவறைச் சரிசெய்யாது.

உணவகச் சமையலறைகளுக்கு உள்ள விதியையே வீட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம்: முதல் 2 மணி நேரத்தில் 21 டிகிரிக்கு வர வேண்டும், அடுத்த 4 மணி நேரத்தில் 5 டிகிரிக்கு. மூடிய ஆழமான பாத்திரம் மேடையில் இருந்தால் நடுப்பகுதி இதைத் தொடவே தொடாது.

செய்யும் முறை: அடுப்பிலிருந்து இறக்கியதும் குழம்பை 5 செ.மீ. ஆழத்துக்கு மேல் போகாமல் அகலத் தட்டுகளில் பிரியுங்கள். அல்லது பாத்திரத்தையே சிங்க்கில் குழாய்த் தண்ணீருக்குள் இறக்கி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளறுங்கள். தண்ணீர் சூடானதும் மாற்றுங்கள். ஐஸை முதலிலேயே கொட்டாதீர்கள். 4 கிலோ குழம்பை 90 டிகிரியிலிருந்து 20க்கு ஐஸ் மட்டும் கொண்டு இறக்க ஏறத்தாழ 3 கிலோ ஐஸ் வேண்டும். குழாய்த் தண்ணீரிலேயே 40 வரை இறக்கிவிட்டால் மிச்சத்துக்கு ஒரு கிலோகூட ஆகாது.

பழையபாத்திரம்
நச்சு கொதியிலும் போகாதுன்றது எனக்குப் புதுசுங்க. அப்போ சோறை உறைய வைக்கவே கூடாதா?

டிகிரி
வைக்கலாம், வேகம்தான் முக்கியம். வடித்த உடனே தட்டில் ஒரு விரல் உயரத்துக்குப் பரப்பி, ஆவி அடங்கியதும் பொட்டலம் கட்டி, ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரீசருக்குப் போய்விட வேண்டும். ஃப்ரிட்ஜில் ஒரு நாள் வைத்துப் பிறகு ஃப்ரீசருக்கு மாற்றாதீர்கள். பூஜ்ஜியத்துக்குச் சற்று மேலே உள்ள குளிரில்தான் சோறு மிக வேகமாக விறைக்கும். ஒரு ஆளுக்கு 200 கிராம் பொட்டலம். இளக வைக்காமல் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, மூடிச் சூடாக்கினால் பருக்கை மென்மையாக வரும்.

நாலுபர்னர்
ஃப்ரீசர் கொள்ளளவு பத்தி நான் யோசிக்கலை. 20ன்றதை வாபஸ் வாங்கறேன். ஒரு தடவைக்கு மூணு சாப்பாடுன்னு மாத்திக்கிட்டா, வழக்கமான சமையலையே ரெண்டு மடங்காப் பண்ணி பாதியை உள்ள தள்ளினாலே போதும், தனியா ஒரு நாள் வேண்டாம். ஆனா முழுச் சாப்பாடுன்ற நிலைப்பாட்டுல இருந்து நகரலை. அதுக்குப் பையோட வடிவம்தான் விடை.

1.2 லிட்டர் குழம்பை ஜிப் கவர்ல ஊத்தி, காத்தை வெளிய தள்ளி, தட்டு மேல படுக்க வெச்சு 2 செ.மீ. கனத்துக்குப் பரப்பினா 24க்கு 25 செ.மீ. பலகை மாதிரி வரும். அதையே உருண்டை டப்பாவுல வெச்சா 10 செ.மீ. கனம். உறையறதும் மெதுவா, இளகறதும் மெதுவா. கனம் ரெண்டு மடங்கானா நேரம் ரெண்டு மடங்குக்கும் மேல, சில சமயம் நாலு மடங்கு வரைக்கும் போகும். பலகையா இருந்தா ஃப்ரீசர்ல இருந்து நேரா வாணலிக்கு வரலாம்: மூணு நாலு கரண்டி தண்ணி, மூடி, சின்னத் தீ, ஓரம் இளகினதும் உடைச்சு விட்டு, எல்லாப் பக்கமும் கொதி வரட்டும். கால் மணி நேரத்துக்குள்ள தட்டுக்கு வந்துடும். உதிரியா வெச்சா இது முடியுமா?

உறைநிலை
பலகை வடிவம் நல்ல யோசனை, அதை எதிர்க்கவில்லை. ஆனால் சுவையை நீங்கள் கணக்கில் எடுக்கவே இல்லை. மைனஸ் 18 டிகிரியிலும் கொழுப்பு மெதுவாகக் காறலாகிக்கொண்டுதான் இருக்கும். உப்பு அதைத் துரிதப்படுத்தும். பூண்டு, மிளகு, கிராம்பு மூன்றும் நாளாக நாளாகத் தூக்கலாகிக் கசக்கும். முழுச் சாப்பாட்டில் இவை அனைத்தும் முதல் நாளிலேயே உள்ளே போய்விடுகின்றன. இரண்டு மாதம் கழித்துத் திருத்த வழியில்லை. வேகவைத்த கடலையைத் தன் நீரோடு 600 கிராம் பையாக வைத்தால் (உலர்ந்த கடலை 250 கிராம் போட்டால் ஏறக்குறைய அவ்வளவு வரும்), அன்றைக்கு அது குழம்பாகவும் ஆகலாம், சூப்பாகவும் ஆகலாம், சாலட்டாகவும் ஆகலாம். கறிக்குழம்பு கறிக்குழம்பாகத்தான் வரும். ஒரே குழம்பு நான்கு பை இருந்தால் மூன்றாவது பையை வீட்டில் யாரும் தொடமாட்டார்கள். அது அடியில் கிடந்து ஓரமெல்லாம் வெளுத்துக் காய்ந்து போகும். பையில் காற்று இருந்தால் பனி நேரடியாக ஆவியாகிப் போவதால் வருவது அது. சாப்பிட்டால் கெடுதல் இல்லை, சக்கை மாதிரி இருக்கும்.

நாலுபர்னர்
காரம், பூண்டு பத்தி ஒத்துக்கறேன். முக்கால் பங்கு போட்டு உறைய வெச்சு, மிச்சத்தை சூடு பண்ணும்போது தாளிச்சு ஊத்தலாம். எலுமிச்சை, மல்லித்தழை எல்லாம் அப்பவே. ரெண்டு நிமிஷ வேலை. அதுக்காகச் சமையலையே பிரிச்சுப் போட மாட்டேன். கறிக்குழம்பு, பயறுக்குழம்பு, சூப் மூணும் எனக்கு முழுசாத்தான் போகும்.

புதுவரவு
நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். மைக்ரோவேவில் வைத்தால் ஓரம் கொதிக்கிறது, நடுவில் ஐஸ் கட்டி அப்படியே இருக்கிறது. ஏன்? கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வைத்தால் விரிசல் விடுமா?

உறைநிலை
நீர் மைக்ரோவேவை நன்றாக உறிஞ்சும், பனிக்கட்டி மிகக் குறைவாகத்தான் உறிஞ்சும். ஓரம் முதலில் நீரானதும் சக்தி முழுவதும் அங்கேயே போகிறது. முழுச் சக்தியில் வைக்காமல் 30 சதவீதத்தில் இளக விட்டு, உடைத்துக் கிளறி, பிறகு முழுச் சக்திக்குப் போங்கள். நிறுத்தியதும் இரண்டு நிமிடம் மூடி வைத்தால் சூடு பரவும்.

பாட்டில் விரிசல் விடும். நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். கழுத்து குறுகிய பாட்டில் வேண்டவே வேண்டாம். நேரான பக்கம் உள்ள கண்ணாடியில் மேலே 2.5 செ.மீ. காலி விட்டு, முழுக்க ஆறிய பிறகு வையுங்கள். உறைந்த கண்ணாடியை வெந்நீரில் வைக்காதீர்கள்.

பழையபாத்திரம்
இளகினது மிஞ்சிப்போனா திரும்ப உறைய வைக்கலாமாங்க? கரண்ட் போய் வந்தா என்ன பண்றது?

டிகிரி
ஃப்ரிட்ஜுக்குள் வைத்து இளகியதென்றால் திரும்ப வைக்கலாம், பதம் மட்டும் குறையும். மைக்ரோவேவில் இளகியதை நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவைத்த பிறகுதான் வைக்கலாம். மேடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தது வேண்டாம்.

மின்சாரம் போனால் கதவைத் திறக்காதீர்கள். நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரம் வரை தாங்கும், பாதி நிரம்பியது 24 மணி நேரம். வீட்டில் இல்லாதபோது போய் வந்ததா என்று தெரிய, ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீரை உறையவைத்து அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்துவிடுங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது நாணயம் கிண்ணத்தின் அடியில் இருந்தால் எல்லாம் இளகி மறுபடி உறைந்திருக்கிறது. பைகளை வெளியே கொட்டிவிட வேண்டியதுதான். மேலேயே இருந்தால் பயமில்லை.

நாலுபர்னர்
எவ்வளவு நாள்ன்றதுல நானும் உறைநிலையும் ஒத்துப்போறோமான்னு பார்ப்போம். சூப், குழம்பு வகை மூணு மாசம். கொழுப்பு மீன் போட்டதுன்னா ரெண்டு. பயறு ஆறு மாசம். கவர் மேல சமைச்ச தேதியை எழுதாம, எந்தத் தேதிக்குள்ள முடிக்கணுமோ அதை எழுதணும்னு நான் சொல்வேன். குழம்பு ஊத்தறதுக்கு முன்னாடியே எழுதிடுங்க, ஈரக் கவர்ல மார்க்கர் பிடிக்காது.

உறைநிலை
நாள் கணக்கில் ஒத்துப்போகிறோம். தேதியில் இல்லை. இரண்டையும் எழுதுங்கள், கூடவே என்ன சேர்க்காமல் விட்டீர்கள் என்பதையும்: "பூண்டு கால் பங்கு பாக்கி, எலுமிச்சை சேர்க்கவில்லை." பையை எடுப்பவர் சமைத்தவராகவே இருப்பார் என்று நிச்சயமில்லை.