மகன் போன பிறகு அந்தத் தெருவில் இருப்பதா, கிளம்புவதா?

செல்லூர்_தம்பி:
மதுரையில் இருக்கும் என் அக்காவின் மகன், 7 வயது, டெங்குவில் போய் நாலு மாதம் ஆகிறது. சொந்த வீடு. மாமா வீட்டை விற்றுவிட்டுத் திருச்சிக்கே போய்விடலாம் என்கிறார், காலை எட்டேகாலுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையை ஏற்றப் பள்ளி வேன் வந்து ஹாரன் அடிக்கும்போதெல்லாம் மனிதர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்கிறார். அக்கா வரமாட்டேன் என்கிறாள். இத்தனைக்கும் அவளைக் கண்டால் தெருவில் சிலர் தங்கள் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்கிறார்கள். யார் பக்கம் பேசுவது?

வைகைக்கரையான்:
தம்பி, முதலில் விற்கிற பேச்சை நிறுத்துங்கள். வருஷம் திரும்பட்டும். இப்போது விற்றால் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள், தரகர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள் (அசிங்கம்தான், ஆனால் நடக்கும்). ஒத்திக்கு விட்டுவிட்டு ஊருக்குள்ளேயே வேறு பக்கம் இருந்து பார்க்கட்டும். அப்புறம் இன்னொரு பிள்ளை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

நாகை_மீனவன்:
அந்தக் கடைசி வரியை மட்டும் அக்கா காதில் போட்டுவிடாதீர்கள். 2004 டிசம்பர் 26-இல் என் சித்தியின் இரண்டு பெண்களையும் சுனாமி அலை கொண்டுபோனது. குடும்பக் கட்டுப்பாடு செய்திருந்த தாய்மார்களுக்கு மறுபடி பிள்ளை பெற அரசு செலவிலேயே ஆபரேஷன் செய்தார்கள், சித்தியும் செய்துகொண்டார், பையன் பிறந்தான். கரையிலிருந்து தள்ளிப் புது வீடும் கிடைத்தது. ஆனாலும் சாயங்காலமானால் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பழைய குப்பத்துக்கு நடந்துபோய், வீடு இருந்த இடத்தில் மிச்சமிருந்த சிமெண்ட் தரையில் உட்கார்ந்துவிட்டு வருவார். சித்தப்பாவோ அந்தப் பக்கமே திரும்பமாட்டார், வலையைக்கூட வேறு இடத்தில்தான் காயவைப்பார். அதற்காக ஒருவரை ஒருவர் இழுக்கவில்லை.

குடந்தை_வாசி:
எங்கள் ஊர் கும்பகோணத்தில், காசிராமன் தெருப் பள்ளியில் 2004 ஜூலை 16-இல் 94 பிள்ளைகள் தீயில் போனார்கள். வருஷா வருஷம் அதே நாளில் பெற்றோர் அந்தப் பள்ளி முன்னால் படத்தை வைத்து அழுகிறார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் அழ இன்னொரு தாய் இருக்கிறாள். உங்கள் அக்காவுக்கு அந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள்? பையன் பெயரைச் சொல்லிப் பேச ஒரே ஒரு ஆள் இருந்தாலும் சரி, இருக்கட்டும். இல்லையென்றால் மாமா சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. அது கிடக்கட்டும், ஹாரன் அடிக்காதே என்று வேன்காரரிடம் சொல்ல இத்தனை நாள் ஒருவருக்கும் தோன்றவில்லையா?

செல்லூர்_தம்பி:
நேற்றே சொல்லிவிட்டேன் அண்ணே. இன்று தெருமுனையிலேயே நிறுத்திப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். எட்டரைக்கு அக்கா வாசலில் வந்து நின்று, ‘இன்னைக்கு ஏன்டா வேன் வரல?’ என்று கேட்டாள்.