ஸ்காடாவுக்குத் தமிழ்ச்சொல்: 'கண்டாள்கை'யை முன்வைக்கிறேன்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஸ்காடாவுக்கு (SCADA, Supervisory Control and Data Acquisition), அதாவது மின்நிலையக் கருவிகளைத் திரையில் பார்த்து அங்கிருந்தே இயக்கும் கணினி அமைப்புக்கு, தமிழ்ச்சொல் கேட்டுத் தொடங்கிய இந்த மடல் இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளை வரிசையாகப் படித்தேன். நல்ல சொற்கள் வந்திருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் ஆங்கில விரிவை முன்னால் வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் ஈடு தேடியிருக்கிறோம். துணைமின் நிலையத்துக் கட்டுப்பாட்டறையில் வேலை பார்க்கிறவன் நான். அந்தக் கருவித்தொகுதி என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்கினால் சொல் எளிதாகக் கிடைக்கும் என்று நினைக்கிறேன். மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், பலருக்கும் பழக்கமான 'மேற்பார்வைக் கட்டுப்பாடும் தரவுத் திரட்டலும்'. பிழை ஒன்றுமில்லை. பாடநூலில் ஒரு முறை விளக்கமாக எழுதலாம். ஆனால் அதற்கு வேற்றுமை உருபு சேர்த்துப் பாருங்கள். 'மேற்பார்வைக் கட்டுப்பாட்டுத் தரவுத் திரட்டல் அமைப்பின் வழங்கியிலிருந்து' என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால், வினைச்சொல் வருவதற்குள் படிப்பவருக்கு எழுவாய் மறந்துவிடும். நீளத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், 'கட்டுப்பாடு' என்ற சொல்தான் பெரிய தொல்லை. தமிழ்நாட்டில் 2008 தொடங்கிச் சில ஆண்டுகள் தொழிற்சாலைகளுக்கு மின் கட்டுப்பாடு இருந்தது. இவ்வளவுக்கு மேல் எடுக்காதே, இந்த நேரத்தில் எடுக்கவே எடுக்காதே என்பதுதான் அங்கே அதன் பொருள். 'மின் கட்டுப்பாட்டு அமைப்பு' என்று எழுதினால் கோவை, திருப்பூர்ப் பக்கத்து ஆலைக்காரர்களுக்கு மின்வெட்டு அட்டவணைதான் நினைவுக்கு வரும். 'தரவுக் கொள்முதல்' என்றும் ஒரு பரிந்துரை வந்திருந்தது. எனக்கு நெல் மூட்டைகளும் எடைபோடும் தராசும் தெரிகின்றன. அதை விட்டுவிடுவோம்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது?

110 கிலோவோல்ட் ஃபீடர் (மின்சாரத்தைக் கொண்டுபோகும் லைன்) ஒன்றின் பிரேக்கரை, அதாவது அதன் பெரிய சுவிட்சை, திரையில் ஆணையிட்டுப் பிரித்து மின்சாரத்தை நிறுத்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேட்டர், நிலையத்தின் இணைப்புகளைக் காட்டும் ஒற்றைக்கோட்டுப் படத்தில் அந்தப் பிரேக்கருக்குரிய சதுரத்தைச் சொடுக்குகிறார். பிரேக்கர் அசையாது. முதலில் போவது 'இதைத் தேர்ந்திருக்கிறேன்' என்ற செய்தி மட்டும்தான். அந்த ஃபீடருக்குரிய பே கன்ட்ரோல் யூனிட் (நிலையத்தில் உள்ள கட்டுப்பாட்டுக் கருவி) அதை வாங்கிக்கொண்டு தன் பங்குக்குச் சரிபார்க்கிறது. பேனலில் உள்ள லோக்கல்-ரிமோட் சுவிட்ச் ரிமோட்டில் இருக்கிறதா, இன்டர்லாக் (தவறான இயக்கத்தைத் தடுக்கும் ஏற்பாடு) இடம் கொடுக்கிறதா, வேறு யாராவது இதே பிரேக்கரை ஏற்கெனவே தேர்ந்து வைத்திருக்கிறார்களா என்றெல்லாம் பார்த்துவிட்டு, சரி என்று பதில் அனுப்புகிறது. ஆபரேட்டர் இரண்டாம் முறை உறுதி செய்தால்தான் உண்மையான ஆணை கிளம்பும். குறித்த நொடிகளுக்குள் உறுதி செய்யாவிட்டால் தேர்வு காலாவதியாகிவிடும், மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். ஆணை போய்ச் சேர்ந்ததும் பிரேக்கரைப் பிரிக்கும் டிரிப் காயிலுக்கு டி.சி. மின்சாரம் கிடைக்கிறது, சில பத்து மில்லிநொடிகளில் பிரேக்கர் பிரிகிறது.

சொல்லாக்கத்துக்குத் துப்பு கிடைப்பது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். பிரேக்கரின் நிலையைச் சொல்ல ஒரு பிட் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். வருவது இரண்டு. பிரேக்கரின் தண்டோடு சேர்ந்து நகரும் துணைத்தொடர்பிகள் இரண்டு, ஒன்று மூடினால் மற்றது விலகும்படி அமைந்தவை, தனித்தனியாகச் செய்தி அனுப்புகின்றன. 10 என்றால் பிரேக்கர் சேர்ந்திருக்கிறது. 01 என்றால் பிரிந்திருக்கிறது. 00 என்றால் இன்னும் நடுவழியில் நிற்கிறது. 11 என்றால் ஒயரிங்கிலோ தொடர்பியிலோ கோளாறு, எதையும் நம்பாதே என்று பொருள். 10 போய், கண நேரம் 00 வந்து, பிறகு 01 வந்தால்தான் திரையில் சிவப்புச் சதுரம் பச்சையாகும். ஆணை கொடுத்தாயிற்று என்பதற்காக வேலை முடிந்துவிட்டதாக இந்த அமைப்பு எடுத்துக்கொள்வதே இல்லை. ஆணைக்கு முன்னும் பார்க்கிறது, பின்னும் பார்க்கிறது.

இனி மேற்பார்வைக்கு வருவோம். லைனில் ஃபால்ட் (கோளாறு) வந்தால் ரிலே என்ற பாதுகாப்புக் கருவி யாரையும் கேட்பதில்லை. தானே அளந்து, தானே முடிவெடுத்து, பிரேக்கரைப் பிரித்துவிட்டு, அப்புறம்தான் மேலே தகவல் சொல்கிறது. ஸ்காடா மொத்தமாக நின்றுபோனாலும் டிஸ்டன்ஸ் ரிலேயும் டிஃபரன்ஷியல் ரிலேயும் தம் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும். ஸ்காடாவுக்கு அளவுகள் வருவதே சில நொடிகளுக்கு ஒருமுறைதான். மில்லிநொடி வேலையை அதனிடம் ஒப்படைக்க முடியாது. ஆக மேலே உட்கார்ந்திருப்பவர் தானே வேலை செய்வதில்லை, வேலை செய்கிறவற்றைப் பார்த்துச் செய்ய வைக்கிறார்.

இதற்குத் தமிழில் அச்சு அசலான ஒரு சொல் இருக்கிறது, கங்காணி. இலங்கை நண்பர் ஒருவர் பாதி வேடிக்கையாக அதை எடுத்துப் போட்டிருந்தார். பொருள் பொருத்தம் பார்த்தால் மற்ற எல்லாப் பரிந்துரைகளையும் அது தோற்கடித்துவிடும். கண்ணும் இருக்கிறது, காணுதலும் இருக்கிறது, ஆளை வைத்து வேலை வாங்குவதும் இருக்கிறது. ஆனால் மலையகத் தோட்டங்களிலும் மலாயா ரப்பர் தோட்டங்களிலும் அந்தச் சொல்லைச் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் தமிழ் படிக்கிறார்கள். கடனும் பிரம்பும் சேர்ந்து ஒலிக்கும் சொல்லை ஒரு மென்பொருளுக்குச் சூட்ட எனக்கு மனமில்லை.

அடுத்து 'தொலை' முன்னொட்டு. தொலையாளுகை, தொலையியக்கம், தொலைக்கட்டுப்பாடு என்று மூன்று வந்திருக்கின்றன. மின்னாளுமை என்பது அரசு அலுவலகச் சேவைகளுக்கு நிலைத்துவிட்ட பெயர் என்பதால் தொலையாளுகை அதன் தம்பி போலத் தோன்றுகிறது. அதைவிட முக்கியமான தடை ஒன்று உண்டு. இதே அமைப்பு நிலையத்துக்குள்ளேயும் இருக்கிறது. புதிய 230, 400 கிலோவோல்ட் நிலையங்களில் யார்டை (கருவிகள் நிற்கும் திறந்தவெளியை) ஒட்டிய கட்டடத்தில் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டரும் அதே திரையில்தான் பார்க்கிறார், அதே இரண்டு படி ஆணையைத்தான் கொடுக்கிறார். சன்னலைத் திறந்தால் பிரேக்கர் கண்ணுக்குத் தெரியும். அங்கே தொலைவு எங்கே இருக்கிறது? சென்னையில் உள்ள மாநில மின்பளு மையத்திலிருந்து பார்ப்பதற்கு மட்டும்தான் 'தொலை' பொருந்தும்.

லோக்கல்-ரிமோட் சுவிட்சைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் சொல்லைச் சோதித்துப் பார்க்க நல்ல உரைகல். சுவிட்சை லோக்கலில் போட்டால் மேலிருந்து வரும் ஆணை செல்லாது, ஆனால் அளவுகளும் நிலைச்செய்திகளும் வழக்கம்போலப் போய்க்கொண்டே இருக்கும். பார்க்கலாம், தொட முடியாது. பராமரிப்புக்கு எல்.சி. (லைன் கிளியர், மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்யும் அனுமதி) வாங்கிக்கொண்டு ஆட்கள் யார்டில் நிற்கும்போது உயிர்காப்பது இதுதான். ஆக, காணுதலும் ஆளுதலும் பிரித்து வைக்கக்கூடிய இரண்டு அதிகாரங்கள். ஒன்றை மட்டும் சொல்லும் பெயர் பாதிப்பெயர்தான்.

ஆளுதல் மட்டும் பறிபோனால் என்ன ஆகும் என்பதை உக்ரைன் காட்டியது. 2015 டிசம்பர் 23 அன்று மூன்று மின்வழங்கு நிறுவனங்களின் அமைப்புகளுக்குள் புகுந்தவர்கள் ஆபரேட்டர்களின் திரைகளிலிருந்தே பிரேக்கர்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். ஆபரேட்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுட்டி தானாக நகர்ந்தது. சுமார் 2,25,000 நுகர்வோருக்கு மின்சாரம் போனது. நிலையங்களோடு பேசும் இடைக்கருவிகளின் உள்மென்பொருளையும் கெடுத்துவிட்டார்கள், அதனால் மேலிருந்து மறுபடி இணைக்க வழியில்லை. ஊழியர்கள் வண்டியில் ஏறி நிலையம் நிலையமாகப் போய்க் கையால் பிரேக்கரைப் போட்டார்கள். சில மணி நேரத்தில் மின்சாரம் திரும்பியது. எல்லாவற்றையும் திரையிடமே விட்டுவிட்டு நிலையத்துக்கு ஆளே தேவையில்லை என்று பேசுகிறவர்களுக்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் இது. நம் விவாதத்துக்குச் சம்பந்தமில்லை என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.

காணுதல் பறிபோவது இன்னும் மோசம். 2003 ஆகஸ்ட் 14, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம். ஃபர்ஸ்ட் எனர்ஜி நிறுவனத்தின் கட்டுப்பாட்டறையில் பிற்பகல் 2.14க்குப் பிறகு அலாரம் மென்பொருள் வேலை செய்வதை நிறுத்திவிட்டது, நின்றுவிட்டேன் என்றும் சொல்லவில்லை. 3.05, 3.32, 3.41 என அடுத்தடுத்து மூன்று 345 கிலோவோல்ட் லைன்கள் பளுவில் தொய்ந்து மரத்தில் உரசி டிரிப் ஆயின. திரை அமைதியாக இருந்ததால் அறையில் இருந்தவர்களும் அமைதியாக இருந்தார்கள். வெளியிலிருந்து தொலைபேசி வந்தும் நம்ப நேரம் பிடித்தது. நான்கு மணி தாண்டியதும் சரிவு தொடங்கி, அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஐந்து கோடிப் பேர் இருட்டில் இருந்தார்கள். காணுதல் போனதால், எப்போது ஆணையிட வேண்டும் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில்தான் 'காணாள்கை' என்ற பரிந்துரையை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். காண், ஆள்கை இரண்டும் சேர்ந்தது, புணர்ச்சியிலும் குறையில்லை. ஆனால் வாசிக்கும் கண்ணுக்குக் 'காணாள்' என்றுதான் படுகிறது, அதாவது அவள் பார்க்கமாட்டாள். ஒஹையோவில் அன்று நடந்ததற்கு வேண்டுமானால் அந்தப் பெயரைக் கொடுக்கலாம். 'கண்டியக்கம்' என்ற இன்னொன்றைப் பார்த்ததும் யாழ்ப்பாண நண்பர் கண்டியில் இப்போது என்ன இயக்கம் என்று கேட்டுவிட்டார். அதோடு அது முடிந்தது.

என் பரிந்துரை 'கண்டாள்கை'. கண்டு, ஆள்கை. கண்டறிதல், கண்டெடுத்தல் எல்லாம் நம்மிடம் ஏற்கெனவே உள்ள வார்ப்புகள், அந்த வரிசையில் கண்டாளுதல். பார்த்த பிறகே ஆணை என்ற முறையும் சொல்லுக்குள் இருக்கிறது. 'கண்டாள்' என்று பிரித்துப் படித்தாலும் அவள் பார்த்தாள் என்றுதான் வரும், கேடில்லை. தொலைவைக் குறிக்க வேண்டிய இடத்தில் மட்டும் தொலைக்கண்டாள்கை என்று நீட்டிக்கொள்ளலாம். வேற்றுமை ஏற்றுப் பார்த்தேன்: கண்டாள்கை வழங்கி, கண்டாள்கைத் திரை, கண்டாள்கையிலிருந்து ஆணை. நாக்கு இடறவில்லை. அதற்குள் வருகிறவற்றுக்கு நிலைச்செய்தி, அளவுச்செய்தி, ஆணை என்ற மூன்றே போதும். நிலையத்துச் செய்திகளைத் திரட்டி மேலே அனுப்பும் ஆர்.டி.யு. என்ற கருவிக்குத் தொலைமுனையம் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதைத் தொட வேண்டாம்.

கட்டுப்பாட்டறையில் 'ஸ்காடா' போய்விடுமா என்றால் போகாது, போக வேண்டிய அவசியமும் இல்லை. கட்டுரையிலும் பாடத்திலும் கையேட்டிலும் ஒரு தமிழ்ச்சொல் இருக்கட்டும் என்பதுதான் நம் வேலை. அதேபோல, நிலையக் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் முறையை வகுக்கும் ஐ.இ.சி. 61850 என்ற பன்னாட்டுத் தரத்தில் வரும் எக்ஸ்.சி.பி.ஆர்., பி.டி.ஓ.சி. போன்ற குறிப்பெயர்களைத் தமிழாக்கும் யோசனையை நான் ஏற்கவில்லை. அவை கருவிக்கும் கருவிக்கும் இடையே போகும் முகவரிகள், மனிதர் வாசிப்பதற்கான சொற்கள் அல்ல. இலங்கையின் 'உப மின் நிலையம்' சரியா நம் 'துணைமின் நிலையம்' சரியா என்ற கிளைச்சண்டையையும் நிறுத்திக்கொள்ளலாம். 2025 பிப்ரவரியில் பாணந்துறையில் ஒரு குரங்கால் நாடு முழுதும் மின்சாரம் போனதே, அந்தச் செய்தியில் 'உப மின் நிலையம்' என்று படித்த யாருக்கும் இங்கே பொருள் விளங்காமல் போகவில்லை.

நாம் உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய சொற்கள் வேறு. திரையில் ஆணைப் பொத்தானில் எழுதும் சொற்கள். இந்த இழையில் பலரும் ஓப்பன், குளோஸ் இரண்டுக்கும் 'திற', 'மூடு' என்று போகிற போக்கில் எழுதிவிட்டார்கள். தயவுசெய்து வேண்டாம். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், மூடினால் நிற்கும். பிரேக்கரைத் திறந்தால் மின்சாரம் நிற்கும், மூடினால் பாயும். ஆங்கிலத்தில் படித்துப் பழகியவருக்கு இது உறைப்பதில்லை. தமிழிலேயே முதன்முதலாகப் படிக்கிற ஐ.டி.ஐ. மாணவர் 'லைனில் ஆள் இருக்கிறார், பிரேக்கரை மூடி வை' என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். 'இணை', 'பிரி' என்ற இரண்டும் எந்தக் குழப்பத்துக்கும் இடம் தராதவை. ஐசோலேட்டருக்கும் (பராமரிப்பின்போது லைனைத் தனியே பிரித்துவைக்கும் சுவிட்ச்) பொருந்தும். ரிலே தானாகப் பிரிப்பதை மட்டும் 'துண்டிப்பு' என்று வேறுபடுத்தினால், நிகழ்வுப் பட்டியலைப் படிக்கும்போது ஆள் பிரித்ததா ரிலே பிரித்ததா என்று சொல்லிலேயே தெரிந்துவிடும்.

'சார்ஜ்', அதாவது லைனுக்கு மின்சாரம் கொடுப்பது, அந்த ஒன்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. 'லைனைச் சார்ஜ் பண்ணியாச்சு' என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். 'மின்னேற்றம்' என்று எழுதினால் அது பேட்டரிக்குப் போய்விடுகிறது, அதே கட்டடத்தில் அடுத்த அறையில் பேட்டரி சார்ஜரும் ஓடிக்கொண்டிருக்கிறது. 'உயிரூட்டல்' கொஞ்சம் நாடகத்தனமாக இருக்கிறது. 'மின்னூட்டல்' என்றால் ஃபீடருக்கு வைத்த மின்னூட்டியோடு மோதும். லைனில் வேலை பார்த்த அனுபவமுள்ளவர்கள் யாராவது இருந்தால், உங்கள் பிரிவில் வயதான லைன்மேன்கள் இதற்குத் தமிழில் ஏதாவது சொல்வதைக் கேட்டிருந்தால் எழுதுங்கள்.