யூட்டா ஹிப்பின் ஹிக்கரி ஹவுஸ்: சொந்தக் குரலா, சில்வரின் சாயலா?

கறுப்புக்கட்டை:
ஜெர்மனியின் லைப்சிக்கில் பிறந்த ஜாஸ் பியானோ கலைஞர் யூட்டா ஹிப், 1956 ஏப்ரல் 5 அன்று நியூயார்க்கின் ஹிக்கரி ஹவுஸ் என்ற ஜாஸ் உணவகத்தில் வாசித்ததை ப்ளூ நோட் இசைத்தட்டு நிறுவனம் இரண்டு இசைத்தட்டுகளாகக் கொண்டுவந்தது. அமெரிக்கர்களுக்கு அவர் தந்த முதல் ஆல்பம். நேற்று இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டேன், வருத்தம்தான் மிஞ்சியது. 1954இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் தன் ஐவர் குழுவோடு வாசித்தபோது, அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் லென்னி டிரிஸ்டானோ வழியில் வந்த நிதானமான, நீண்டு ஓடும் வாசிப்பு அவரிடம் இருந்தது. நியூயார்க் வந்ததும் இன்னொரு ஜாஸ் பியானோ கலைஞர் ஹோரஸ் சில்வரின் வாசிப்பில் மயங்கி அதைக் கைவிட்டுவிட்டார்.

இடதுகை:
முதலில் ஒரு திருத்தம். அந்த ஃபிராங்க்ஃபர்ட் பதிவையும் ப்ளூ நோட்தான் பத்து அங்குலத் தட்டாக வெளியிட்டது. அமெரிக்கர்கள் காதில் முதலில் விழுந்தது அதுதான்.

சரி, சில்வர் விஷயம். அந்தப் பிரியத்தை அவர் ஒளிக்கவே இல்லை. ஹிக்கரி ஹவுஸ் இரண்டாம் தட்டில் ஹோரஸின் பெயரையே வைத்து 'ஹொராசியோ' என்று தானே ஒரு மெட்டு போட்டு வாசித்திருக்கிறார். பிரியம் வேறு, நகல் வேறு. முதல் தட்டில் 'டியர் ஓல்ட் ஸ்டாக்ஹோம்' கேளுங்கள். ஸ்வீடன் நாட்டுப்புறப் பாட்டு அது. பீட்டர் இண்ட் பாஸ், எட் திக்பென் ட்ரம்ஸ். மெட்டைச் சொல்லி முடித்ததும் வலது கை ஒற்றை ஸ்வரங்களாக ஓடுகிறது. இடது கை அங்கங்கே ஒரு கார்டை (சேர்ந்தொலிக்கும் சில ஸ்வரங்களை) தட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. சில்வரின் இடது கை இப்படி ஒதுங்காது, அடியில் உறுமிக்கொண்டே இருக்கும்.

கறுப்புக்கட்டை:
பத்து அங்குலத் தட்டை மறந்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது என் கட்சிக்குத்தான் பலம். அமெரிக்கா அவரை அந்தக் குரலில்தானே முதலில் அறிந்தது? இரண்டாம் தட்டின் 'ஆஃப்டர் அவர்ஸ்' அங்கே எல்லோருக்கும் பழகிய பியானோ ப்ளூஸ், கறுப்பின அமெரிக்கர்களின் இசைவடிவம். அதைக் கேட்டால் 'எனக்கும் இது வரும்' என்று பரீட்சை எழுதுவது போல இருக்கிறது.

இடதுகை:
இதை என்னால் ஏற்கவே முடியாது. நாஜி ஆட்சியில், ஜாஸ் கேட்பதே ஆபத்தாக இருந்த நாட்களில், ஒளித்துக் கேட்டு வளர்ந்தவர் அவர். ப்ளூஸ் அவருக்கு நியூயார்க்கில் வாங்கிப் போட்ட சட்டை இல்லை.

நடுராத்திரி:
நீங்கள் இருவரும் அந்தப் பெண் பட்ட பாட்டை விட்டுவிட்டீர்கள். அதே ஆண்டு ஜூலையில் சாக்ஸபோன் கலைஞர் ஜூட் சிம்ஸுடன் ஒரு தட்டு, அதோடு அவருடைய ஒலிப்பதிவுகள் நின்றன. பிறகு பியானோவையே விட்டுவிட்டு ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை, பல பத்தாண்டுகள். 2003இல் நியூயார்க்கிலேயே இறந்தார். தன் பாணியைத் தொலைத்த விலை அது.

இடதுகை:
மேடை என்றாலே நடுங்குகிறவர் அவர், குடியும் இருந்தது. வாழ்க்கை முறிந்ததற்கு ஒரு பாணியைக் காரணம் சொல்லாதீர்கள். ஏப்ரல் 5 அன்று அவருக்கு வயது 31. பின்னால் வந்த தையல் வேலையை அந்த இரவின் மேல் ஏற்றிக் கேட்டால் காதில் விழுவது சோகம் மட்டும்தான்.

கறுப்புக்கட்டை:
இதில் நான் இடதுகை பக்கம். 'ஸ்டாக்ஹோம்' மறுபடி போட்டேன். நீங்கள் சொன்ன அந்த இடது கை கேட்டது. ஆனாலும் எனக்கு ஃபிராங்க்ஃபர்ட்தான். அங்கே எமில் மாங்கெல்ஸ்டோர்ஃபின் ஆல்டோ சாக்ஸபோன் முன்னால் போகும்போது, பின்னால் ஹிப் எவ்வளவு குறைவாக வாசிக்கிறார் என்று ஒருமுறை கேட்டுவிட்டு வாருங்கள், மேலே பேசலாம்.