ஓப்பன் ஸ்கூல் ப்ளஸ் டூவுக்கு மனையியல், உளவியல் எடுக்கலாமா?

வைகைக்கரை:
வணக்கம். பத்தாவது முடிச்சதும் கல்யாணம் ஆயிடுச்சு. இப்போ வயசு 31, மகன் நாலாவது படிக்கிறான். என்ஐஓஎஸ்ல, அதாவது தேசியத் திறந்தநிலைப் பள்ளியில, ப்ளஸ் டூ எழுதப்போறேன். தமிழ், ஆங்கிலம், மனையியல், உளவியல், சமூகவியல்னு அஞ்சு பாடம் யோசிச்சு வெச்சிருக்கேன். வீட்டுக்காரர் சரின்னுட்டார். கொழுந்தனார்தான், "சமைக்கவும் பிள்ளை வளர்க்கவும் தெரிஞ்சவங்க அதையே பரீட்சை எழுதி என்ன ஆகப்போகுது, அக்கவுண்டன்சி எடுங்க அண்ணி"ங்கறார். எனக்கு அங்கன்வாடியிலயோ சிறப்புக் குழந்தைகள் பள்ளியிலயோ வேலை பார்க்கணும்னு ஆசை. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கணக்குப்பிள்ளை:
கொழுந்தனார் சொல்றது நியாயம்தான் சகோதரி. நான் ஜவுளிக்கடைகளுக்குக் கணக்கு எழுதுறவன். டேலிங்கற கணக்கு மென்பொருளும் ஜிஎஸ்டியும் தெரிஞ்ச ஆளுக்கு எங்க ஊர்ல என்னைக்கும் வேலை உண்டு. மனையியல் படிச்சவங்களைத் தேடி யாரும் வர்றதில்லை. அங்கன்வாடிக்குன்னாலும் 2025 அறிவிப்புல பணியாளருக்கு ப்ளஸ் டூ தேர்ச்சிதான் கேட்டாங்க, என்ன பாடம்னு கேட்கல. அப்புறம் ஏன் அந்தப் பாடத்தையே பிடிச்சுக்கணும்?

தாமிரபரணி:
மனையியல் டீச்சரா இருந்து ஓய்வு பெற்றவள் நான். தம்பி கணக்குப்பிள்ளை, பாடத்துல என்ன இருக்குன்னு பார்த்துட்டுப் பேசுங்க. ஊட்டச்சத்து, குடும்ப வருமானத்தைத் திட்டமிடுறது, நுகர்வோர் உரிமை, குழந்தை வளர்ச்சி, துணிகள் எல்லாம் வருது. ஒண்ணே ஒண்ணு சொல்றேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் (ஐசிஎம்ஆர்) ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020ல வெளியிட்ட பரிந்துரைப்படி ஒரு ஆணுக்கு நாளைக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்து வேணும், மாதவிடாய் வயசுப் பெண்ணுக்கு 29. நம்ம வீட்டுல கடைசியா உட்கார்ந்து, மிச்சம் மீதியைச் சாப்பிடுறது யாரு? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புல 15லிருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பெண்கள்ல நூத்துக்கு 57 பேருக்கு ரத்தசோகை. சாப்பிட்ட கையோட டீ குடிச்சா கீரையிலயும் பயறுலயும் இருக்கிற இரும்பு உடம்புல சேர்றது குறையும், எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தா கூடும். நல்லாச் சமைக்கிறவங்க எத்தனை பேருக்கு இது தெரியும்? என் வகுப்புல இதைக் கேட்டுட்டுப் போய் வீட்டுல டீ நேரத்தையே மாத்தின பிள்ளைங்க உண்டு.

1957ல கோயம்புத்தூர்ல அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி தொடங்கினாங்க. அங்கே தலைமையேற்ற ராஜம்மாள் தேவதாஸ் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்குப் பேர் போனவங்க, 1992ல பத்மஸ்ரீ வாங்கினவங்க. அடுப்படி வேலைன்னு நீங்க ஒதுக்குற பாடம் அது.

நிலா:
டீச்சர் அம்மா, பாடத்து மேல எனக்குக் குறையே இல்லை. யாருக்கு அதைக் கொடுக்குறாங்கங்கறதுலதான் கோபம். எங்க ஊர் டுடோரியல் ஒண்ணுல பொண்ணுங்க படிவத்துல கேட்காமலே மனையியல்னு எழுதிடுறாங்க. பசங்களுக்குக் கணினி, வணிகவியல். 29, 19ங்கற கணக்கு முதல்ல தெரிய வேண்டியது வீட்டு ஆம்பளைங்களுக்கு. பொண்ணுங்க மட்டும் படிச்சா, அவங்க தலையில இன்னும் ஒரு பொறுப்பைக் கட்டிவிட்ட மாதிரி ஆயிடும்.

தாமிரபரணி:
அதுல உன்னோட முழுக்க ஒத்துப்போறேன் மகளே. ஓப்பன் ஸ்கூல்ல இந்தப் பாடத்தைப் பசங்களும் எடுக்கலாம், எடுக்கணும். ஆனா இந்தப் பொண்ணு தானே விரும்பிக் கேட்குது. ஊர்ல நடக்கிற அநியாயத்துக்காக அதோட ஆசையைத் தள்ளிவைக்கச் சொல்லாதே.

கரிசல்காடு:
உளவியல் பத்தி யாரும் பேசலையே. வைகைக்கரை அக்கா, அடுத்த படியைத் தெரிஞ்சுக்கிட்டு முடிவெடுங்க. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியல், உணவும் ஊட்டச்சத்தும் போன்ற பட்டப்படிப்புகளைத் தொலைநிலையிலயும் ஆன்லைன்லயும் நடத்தக்கூடாதுன்னு பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) நிறுத்திடுச்சு. 2021ல வந்த துணைநிலை சுகாதாரத் தொழில் சட்டத்துக்குள்ள அந்தப் படிப்புகள் வருதுங்கறதுதான் காரணம். பள்ளிப் பாடத்துக்கு இதுல தடை இல்லை. ஆனா ப்ளஸ் டூக்கு அப்புறம் உளவியல்லயே பட்டம் வேணும்னா தினமும் கல்லூரிக்குப் போயாகணும். மகனையும் வீட்டையும் வெச்சுக்கிட்டு முடியுமா?

கணக்குப்பிள்ளை:
இதைத்தான் சொல்றேன்! கதவு பாதியில சாத்திக்கிற பாதையில ஏன் போகணும்? இன்னொண்ணு. தொலைவழியில செய்முறை சும்மா பேருக்குத்தான். டிஎம்ஏன்னு 20 சதவீத மதிப்பெண்ணுக்கு ஒப்படைப்பு எழுதணும். அதுக்கு ரெடிமேடு விடை கடையிலயே விக்குது. வாங்கி, பார்த்து எழுதிக் கொடுத்துட்டு மனித மனசைப் படிச்சேன்னு சொல்ல முடியுமா?

தாமிரபரணி:
வாங்கி எழுதுறவங்க அக்கவுண்டன்சிக்கும் வாங்கித்தான் எழுதுறாங்க. செய்முறை பத்தி நீங்க சொல்றதுல உண்மை இருக்கு, மறுக்கமாட்டேன். பள்ளியில நாலு பேர் சேர்ந்து உணவுப் பட்டியல் போடும்போது ஒருத்தி கணக்கை இன்னொருத்தி திருத்துவா. தனியா படிக்கிறப்போ அது இல்லை. அதுக்கு ஈடா வைகைக்கரை வீட்டுலயே செய்யலாம். ஒரு வாரம் வீட்டுல யார் என்ன, எவ்வளவு சாப்பிட்டாங்கன்னு பருப்பை, அரிசியை அளந்து எழுதிட்டு, எந்த உணவுல என்ன சத்து எவ்வளவுன்னு காட்டுற அட்டவணையைப் பார்த்துச் சத்துக் கணக்குப் போடும்மா. உளவியல்ல, மனுஷ வளர்ச்சியைப் பத்தி எரிக்சன்ங்கற உளவியல் அறிஞர் சொன்ன எட்டுப் பருவங்கள் வரும்போது, உன் மகன் வயசுப் பிள்ளைக்கு அவர் என்ன சொல்றார்னு பாரு. தன்னால ஒரு வேலையை ஒழுங்கா முடிக்க முடியும்ங்கற நம்பிக்கை வளர்ற வயசு அது. "உனக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு நாம போகிற போக்குல சொல்ற சொல் அங்கேதான் அடிக்குது. நாளைக்கு அங்கன்வாடியில இருபது பிள்ளைங்க முன்னாடி நிற்கப்போறவளுக்கு இது வேணாமா?

கரிசல்காடு:
சிறப்புக் குழந்தைகள் பள்ளிக்கு வழி தனி. இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரிச்ச சிறப்புக் கல்வி டிப்ளமோ முடிக்கணும். அதுக்கு ப்ளஸ் டூல 50 சதவீதம் கேட்பாங்க. ஓப்பன் ஸ்கூல்ல தேர்ச்சிக்கு 33 போதும். அதோட நின்னுடாதீங்க அக்கா, 50ஐத் தாண்டுங்க. தேர்வு வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர். அஞ்சு வருஷத்துல ஒன்பது வாய்ப்பு தருவாங்கதான், ஆனா அங்கன்வாடிப் பணியாளருக்கு 2025ல பொதுவா 35 வயசு வரைதான் வெச்சிருந்தாங்க. உங்களுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை.

வைகைக்கரை:
எல்லாருக்கும் நன்றி. வயசு வரம்பு தெரியாம இருந்தேன், இந்த வருஷமே பணம் கட்டிடுறேன். மனையியலும் உளவியலும் அப்படியே இருக்கட்டும். நிலா, என் மகனையும் பக்கத்துல உட்கார வெச்சுத்தான் பருப்பு அளக்கப்போறேன். அவங்க அப்பாவும் உட்காருவார்.

நிலா:
அளந்ததை இங்கே போடுங்கக்கா. யார் தட்டுல எவ்வளவுன்னு பிரிச்சுப் போடுங்க.

கணக்குப்பிள்ளை:
என் கருத்து மாறல, சகோதரி. சமூகவியல் இடத்துல அக்கவுண்டன்சி போட இன்னும் நேரம் இருக்கு. எதை எடுத்தாலும், செய்முறைத் தேர்வு எந்த மையத்துல நடக்கும், பாடப்புத்தகம் தமிழ்ல கிடைக்குமான்னு ரெண்டையும் விசாரிக்காம பணம் கட்டாதீங்க.