கிரெடிட் கார்டு பாக்கிக்கு கோர்ட் சம்மன்: எங்கள் அனுபவங்கள்

டெக்சாஸில் இருக்கிறேன். வேலை போன சமயத்தில் கட்டாமல் நின்றுபோன கார்டு பாக்கி. கான்ஸ்டபிள் கொண்டுவந்த சம்மனில் வாதியின் பெயரைப் பார்த்தால், கேள்வியே படாத கம்பெனி. பேங்க் அதை வாராக்கடனாக எழுதிவிட்டு வேறொருவருக்கு விற்க, கை மாறிக் கை மாறி இவர்களிடம் வந்திருக்கிறது. இவர்கள் வாங்குவது அடிமாட்டு விலைக்கு, கேட்பது முழுத்தொகை.

எங்கள் ஜஸ்டிஸ் கோர்ட்டில் (சிறு தொகை வழக்குகளுக்கான உள்ளூர் கோர்ட்) சம்மன் கைக்கு வந்த 14 நாளுக்குள் பதில் மனு போட வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் கெடு மாறும், சம்மனிலேயே இருக்கும். எதிர்த்தரப்பு வக்கீல் ஆபீசுக்குப் போன் செய்தால் தேனாகப் பேசுவார்கள், தவணைகூடத் தருவார்கள். ஆனால் நீங்கள் போனில் பேசியது கோர்ட்டுக்குப் பதில் ஆகாது. நீங்கள் கெடு தாண்டினால் அவர்கள் கேட்ட தொகைக்கே தீர்ப்பு வாங்கிவிடலாம். டெக்சாஸில் இந்தக் கடனுக்குச் சம்பளத்தில் கை வைக்க முடியாது, பேங்க் கணக்கில் வைக்கலாம்.

என் பதில் மனு ஒரே பக்கம்: வாதியின் மனுவில் உள்ளதை மறுக்கிறேன், வாதி நிரூபிக்கட்டும். ஒரு நகலை அவர்கள் வக்கீலுக்கும் அனுப்பினேன். இங்கே கார்டு கடனுக்கு வழக்குப் போடக் காலவரம்பு 4 வருடம். என் பாக்கி அதற்குள் இருந்ததால் அந்த வாதத்தை எடுக்கவில்லை.

அப்புறம் அவர்கள் கொடுத்த காகிதங்களை உட்கார்ந்து பார்த்தேன். விற்பனைப் பத்திரத்தில் 'இணைப்பில் கண்ட கணக்குகள்' என்று இருக்கிறது. இணைப்பு என்று வந்ததோ ஒரு எக்செல் வரி, என் பெயரும் ஒரு தொகையும். அந்தத் தொகையும் மனுவில் உள்ளதும் ஒன்றல்ல. நடுவில் வாங்கி விற்ற கம்பெனியிடமிருந்து இவர்களுக்கு மாறியதற்குப் பத்திரமே இல்லை. விசாரணைக்கு முன்பே வழக்கை வாபஸ் வாங்கிவிட்டார்கள். மறுபடி போடும் உரிமையோடு வாங்கிய வாபஸ் என்பதால் கோப்பை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

*

என் தம்பி நியூயார்க்கில். அவனுக்குச் சம்மனே வரவில்லை; பேங்க் கணக்கு முடங்கியபோதுதான் தீர்ப்பு ஆனதே தெரிந்தது. கோர்ட் கோப்பில் சம்மன் கொடுத்தவரின் வாக்குமூலம் இருந்தது. பழைய முகவரியில் 'உறவினர்' ஒருவரிடம் கொடுத்தாராம். அவருடைய உயரம், முடி நிறம் வரை எழுதியிருக்கிறார்! இவன் அந்த வீட்டைக் காலி செய்து ரொம்ப நாளாகிவிட்டது. புது வீட்டு வாடகை ஒப்பந்தத்தை இணைத்து மனு போட்டான், தீர்ப்பு ரத்தானது. அங்கே 2022 ஏப்ரலிலிருந்து இத்தகைய வழக்குக்குக் காலவரம்பு 3 வருடம்தான், முன்பு 6.

*

டெக்சாஸ் அண்ணா சொன்னது கடனை வாங்கியவர்கள் போடும் வழக்குக்குச் சரி. என் மேல் போட்டது கார்டு கொடுத்த பேங்கே. ஸ்டேட்மென்ட் ஒன்று விடாமல் வைத்திருந்தார்கள், மறுத்துப் பயனில்லை. வசூல் தொல்லைக்கு எதிரான 1977 மத்தியச் சட்டமும் பொதுவாக மூன்றாம் தரப்பு வசூல்காரர்களுக்குத்தான், கடன் கொடுத்தவருக்கு இல்லை. ஆனாலும் பதில் மனுவைக் கெடுவுக்குள் போட்டுவிட்டுத்தான் பேரத்துக்குப் போனேன். தொகையைக் குறைத்தார்கள். கட்டி முடித்ததும் மறுபடி போட முடியாதபடி வழக்கை முடிப்பதாக எழுதி வாங்கிய பிறகே பணம் கொடுத்தேன். ஒன்று: தள்ளுபடி 600 டாலரோ அதற்கு மேலோ என்றால் 1099-சி என்ற வரிப் படிவம் வரும், தள்ளுபடியான தொகையை வருமானமாகக் கணக்கிடுவார்கள். அந்தச் சமயத்தில் உங்கள் சொத்தைவிடக் கடன் அதிகமாக இருந்திருந்தால் 982 என்ற வரிப் படிவத்தில் விலக்குக் கேட்கலாம்.