ஓடை மீனும் சிவப்புச் சட்டையும்

சின்னவன் (சண்டிகர்), காலை 7:40
பெரியப்பா, வணக்கம். நேற்று இமாச்சலில், தீர்த்தன் ஆற்றில் வந்து கலக்கும் ஒரு சிற்றோடையில், முறைப்படி உரிமம் வாங்கிக்கொண்டு காலை முதல் மதியம் வரை தூண்டில் போட்டும் குளிர்ந்த மலை நீரில் வாழும் ட்ரவுட் மீன் ஒன்றுகூடச் சிக்கவில்லை. தண்ணீர் தெளிந்திருந்ததால் மீன்கள் கண்ணுக்குத் தெரிந்தன. நான் நெருங்கியதும் பாறைக்கடியில் பாய்ந்து மறைந்தன. படம் அனுப்பியிருக்கிறேன்.

பெரியப்பா (ஊட்டி), காலை 8:05
படத்தைப் பார்த்தேன், தம்பி. மேலிருந்து கீழாக, அதுவும் சிவப்புச் சட்டையோடு நடந்து வந்திருக்கிறாய். ஓட்டம் அடித்துக்கொண்டு வரும் பூச்சியும் புழுவும் நேராக வாய்க்கு வர வேண்டும் என்பதற்காக ட்ரவுட் எப்போதும் நீரோட்டத்துக்கு எதிராகத் தலை வைத்தே நிற்கும். ஆகவே மேலிருந்து இறங்குகிறவன் அதன் கண்ணெதிரிலேயே இறங்குகிறான். கீழிருந்து ஏறு. குனிந்து போ. உன் நிழல் தண்ணீரில் விழக் கூடாது.

அத்தை, காலை 8:11
மீன் பிடிக்கப் போகிறவன் சட்டை நிறமும் பார்க்க வேண்டுமா, அண்ணா?

பெரியப்பா, காலை 8:30
சிரிக்காதே அம்மா. இங்கே நீலகிரியில் உள்ள அவலாஞ்சியில் நான் இளவயதில் ஒரு கூழாங்கல்லைப் புரட்டிவிட்டேன்; அந்த அதிர்விலேயே மடு முழுவதும் காலியாகிவிட்டது. தம்பி, பாறைக்குப் பின்னால் வேகமான நீரும் மெதுவான நீரும் உரசிக்கொள்ளும் கோட்டைத் தேடு. தூண்டில் முள்ளில் இறகால் கட்டிய போலி ஈயை அந்தக் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால், நீர் வரும் பக்கத்தில் போட்டு, நூல் அதை இழுக்காமல், தானாக மிதந்து வரவிடு. நூல் இழுத்தால் அது உயிருள்ள பூச்சி இல்லை என்று மீனுக்குத் தெரிந்துவிடும்.

சின்னவன், காலை 8:42
பக்கத்தில் ஒருவர் பிடித்த மீனின் உடலில் வெளிர் வளையங்களுக்குள் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. நம் ஊர் ட்ரவுட்டில் அப்படிப் பார்த்ததில்லையே?

பெரியப்பா, காலை 9:02
அது பழுப்பு ட்ரவுட். நீலகிரியில் 1860களிலேயே மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே அதைக் கொண்டுவர முயன்றார், பலிக்கவில்லை. பிறகு 1907 வாக்கில் மீன் வளர்ப்பு நிபுணர் வில்சன் அவலாஞ்சியில் மீன் முட்டைப் பொரிப்பகம் அமைத்து வளர்த்தது, பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டை ஓடும் வானவில் ட்ரவுட். இரண்டுக்குமே குளிர்ந்த, காற்று நன்றாகக் கலந்த தண்ணீர்தான் உயிர்; வெயில் ஏறுவதற்குள் போ.

சின்னவன், காலை 9:10
நவம்பர் 1 முதல் இமாச்சலில் ட்ரவுட் பிடிக்கத் தடை, இனப்பெருக்கக் காலமாம். ஆகவே வரும் சனிக்கிழமையே போகிறேன்.

அத்தை, காலை 9:14
சாம்பல் நிறச் சட்டை ஒன்று பரணில் கிடக்கிறது, கூரியரில் அனுப்பவா?