லோஸ்பாலோஸ் செல்பவருக்கு ஃபத்தாலுக்கு மொழி எவ்வளவு தேவைப்படும்?

கேள்வி (திங்கள்சந்தை வாசகி):
துறவற சபையில் செவிலியராக இருக்கும் என் அக்கா, தை மாதத்தில் கிழக்குத் திமோரின் லோஸ்பாலோஸ் ஊருக்குப் பணிக்குச் செல்கிறார். அங்கே வீடுகளில் ஃபத்தாலுக்கு என்ற மொழி பேசுகிறார்களாம். (பெயரைக் கேட்டதும் நான்காம் வேற்றுமை என்றே நினைத்தேன்.) அவர் எந்தச் சொற்களைக் கற்றுக்கொண்டு புறப்படுவது நல்லது?

தக்கலை அன்பர்:
முதலில் தேத்தும் மொழியைக் கற்கச் சொல்லுங்கள். 2002-இல் விடுதலை பெற்ற அந்நாட்டின் ஆட்சிமொழிகள் தேத்துமும் போர்த்துக்கீசியமும்தான். நன்றி சொல்ல ஆண்கள் ‘ஒப்ரிகாது’ என்பார்கள். அக்கா ‘ஒப்ரிகாதா’ என்று சொல்ல வேண்டும். கன்னியரை ‘மாத்ரே’ என்று அழைப்பார்கள். நம் மேசையும் ஜன்னலும் போர்த்துக்கீசியர் தந்தவையே என்பதால், அங்கே ‘மேசா’, ‘ஜனேலா’ என்று கேட்கும்போது அவருக்கு அந்நியமாகத் தோன்றாது.

குளச்சல் ஆசிரியர்:
தேத்தும் போதும் என்பதை நான் முழுவதும் ஏற்கவில்லை, ஏனெனில் நோயாளி வலியைச் சொல்வது வீட்டுமொழியில்தான். ஃபத்தாலுக்கு, நியூ கினித் தீவுப் பகுதியின் பப்புவ மொழிகளோடு சேர்த்து எண்ணப்படும் திமோர்–அலோர்–பந்தார் குடும்பத்தைச் சேர்ந்தது. ‘லிமெ’ (ஐந்து), ‘ஃபித்து’ (ஏழு) போன்ற எண்களை மலாயின் உறவு மொழிகளிலிருந்து வாங்கிக்கொண்டது. ஆனாலும் தமிழருக்கு இரண்டு வசதிகள் உண்டு. நம்மைப் போலவே அவர்களும் வினைச்சொல்லைப் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வைப்பார்கள். ‘நாங்கள்’ என்பதற்கு ‘இனி’, ‘நாம்’ என்பதற்கு ‘அஃபி’ என்று கேட்பவரை விலக்குவதையும் சேர்ப்பதையும் பிரித்துச் சொல்வார்கள். ஒரு வீட்டில் சோறு பரிமாறும்போது ‘நாங்கள் சாப்பிடப் போகிறோம்’ என்றால் நீங்கள் எழுந்து விடைபெற வேண்டும், ‘நாம் சாப்பிடுவோம்’ என்றால் கைகழுவ வேண்டும். இந்த வேறுபாட்டை ஆங்கிலம் மட்டும் அறிந்தவருக்கு விளக்கவே ஒரு பொழுது ஆகும். செவிலியர் முதலில் அறிய வேண்டிய சொல் ‘இரா’, அதாவது தண்ணீர். அப்பகுதியிலுள்ள பெரிய ஏரிக்கும் ‘இரா லலாரோ’ என்றுதான் பெயர்.

திங்கள்சந்தை வாசகி:
இருவருக்கும் மிக்க நன்றி. விடுமுறைக்கு வந்திருக்கும் அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் உடனே தண்ணீர்ச் செம்பைக் காட்டி, ‘இரா’ என்றார். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, “இன்னும் விளக்கே ஏற்றவில்லையே” என்றார்.